ஆண் வித்தின் யோக்கியதை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆண் வித்தைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்தே சிலர் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டோம். பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இதைப் பேசலாமா என்பது அவர்களுடைய ஆட்சேபணை. கல்யாணப் பந்தலில் ஆயிரம் பேர் மத்தியில், சீக்கிரம் பிள்ளை பெற வேண்டும் என்று மணமக்களை ஆசீர்வாதம் செய்கிறார்கள். வருஷம் ஒன்று கழிந்து பிள்ளை இல்லையென்றால் தெருவே கூடி அந்தப் பெண்ணை விசாரணை செய்கிறது. அங்கெல்லாம் வராத வெட்கம், பிள்ளை எப்படி உண்டாகிறது என்று சொன்னால் மாத்திரம் வருவானேன்?

நிற்க, மனுதர்ம சாஸ்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பெண்ணை நிலம் என்றும், ஆணை வித்து என்றும் சொல்லி, இரண்டில் வித்தே உயர்ந்தது என்று தீர்ப்பும் செய்திருக்கிறது. இது நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல. கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலும், பிள்ளைக்கு உருவம் கொடுப்பவன் தகப்பன், வெறும் சரக்கைக் கொடுப்பவளே தாய் என்றுதான் எழுதி வைத்தார். அவர் எத்தனையோ விஷயத்தில் பெரிய அறிவாளி. ஆனால் ஆண் பிள்ளையாய்ப் பிறந்தவர் ஆனபடியால் இந்த ஒரு விஷயத்தில் சொந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டார் போலும்.

1677ல் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹுக் என்கிற ஜவுளி வியாபாரி, தாமே தேய்த்துச் செய்த கண்ணாடியின் வழியாக விந்தில் வாலோடு நீந்துகிற அணுக்களைப் பார்த்தார். உடனே உலகத்து ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் தலைகால் தெரியவில்லை. 1694ல் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடும் என்று படமே போட்டு அச்சிட்டார். பாலுண்ணிகளில் பெண்ணிடம் முட்டை உண்டு என்பதை வான் பேயர் என்பவர் கண்ணால் கண்டது 1827ல்தான். அதாவது ஆணின் வித்தைப் பார்த்து நூற்றைம்பது வருஷம் கழித்துத்தான் பெண்ணின் முட்டை அகப்பட்டது. அதுவரையில் பெண் வெறும் நிலமாகவே கிடந்தாள்.

அந்தக் குட்டி மனிதன் செத்துப்போய் வெகு காலமாயிற்று. ஆனால் குணம், குலம், வீரம், ஆண்மை எல்லாம் தகப்பன் வித்திலே கெட்டியாய் உறைந்து, பாட்டன் முதல் பேரன் வரை மாறாமல் வருகிறது என்கிற எண்ணம் சாகவில்லை. ஆகவே அந்த வித்து எப்படித் தயாராகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நூல் இருக்கிறது. ஒரு அணுவில் இருப்பதை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர். இதை ஒரு பெரிய புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரலில் இருக்கிற அணுவுக்கும், கண்ணில் இருக்கிற அணுவுக்கும் ஒரே புத்தகந்தான். பின்னே ஈரல் ஏன் பார்க்கவில்லை, கண் ஏன் பித்தநீர் சுரக்கவில்லை? ஈரலில் கண்ணுக்குரிய பக்கங்கள் ஒட்டி மூடப்பட்டிருக்கின்றன. கண்ணில் ஈரலுக்குரிய பக்கங்கள் மூடப்பட்டிருக்கின்றன. எழுத்து ஒன்றும் மாறவில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்கிற ஏற்பாடுதான் வேறு. மெத்தில் என்கிற சிறு இரசாயனப் பொருள் அந்த நூலின்மேல் அரக்கு முத்திரை போல் போய் ஒட்டிக்கொள்ளும். ஹிஸ்டோன் என்கிற புரத உருண்டைகளின்மேல் நூல் சுற்றியிருக்கும். அந்தச் சுற்று இறுகினால் பக்கம் மூடும், தளர்ந்தால் திறக்கும். இந்த ஏற்பாட்டைப் பற்றிய படிப்புக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர். 1942ல் வாடிங்டன் என்கிற ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. பெயர் வாயில் நுழையாவிட்டால் முத்திரைச் சாஸ்திரம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வித்துக்கு வருவோம். இதை அதிகமாகப் பார்த்திருப்பது சுண்டெலியில். சுண்டெலிக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 20 நாள். ஏழாவது நாள் வாக்கில், கரு ஒரு பொட்டு அளவு இருக்கும்போதே, சுமார் நாற்பது அணுக்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. பிற்காலத்தில் வித்தாகவோ முட்டையாகவோ ஆகப்போகிறவை இவைதான். இவை பெருகிக்கொண்டே ஊர்ந்துபோய், விரையோ சூலகமோ ஆகப்போகிற இடத்தை அடைகின்றன. போகிற வழியிலும் போய்ச் சேர்ந்தும் நடக்கிற காரியந்தான் ஆச்சரியமானது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த முத்திரைகள் அநேகமாக எல்லாம் அழிக்கப்படுகின்றன. பதின்மூன்றாவது நாளில் பார்த்தால் சிலேட்டைத் துடைத்ததுபோல் இருக்கும். பிறகு அந்தக் கரு ஆணாக இருந்தால், அது பிறப்பதற்குள்ளாகவே, ஆணுக்குரிய முத்திரைகள் புதிதாகக் குத்தப்படுகின்றன. மனிதரிலும் இந்த அழிப்பு வேலை கர்ப்பத்திலேயே, முதல் சில மாதங்களில் நடக்கிறது.

தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். தன்னுடைய வித்து, தன்னுடைய வமிசம் என்று மீசையை முறுக்குகிறானே ஒரு மிராசுதார், அவனுடைய வித்தின் பழைய முத்திரை அழிந்ததும் புது முத்திரை எழுத ஆரம்பித்ததும் எங்கே? அவனுடைய தாயின் வயிற்றிலே! அப்போது அவள் சாப்பிட்ட கஞ்சியிலே! வித்து ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்று பாகம் பிரித்தவர்கள், வித்தே ஒரு பெண்ணின் வயிற்றுக்குள்தான் வித்தாக ஆகிறது என்று கண்டால் என்ன பதில் சொல்லுவார்கள்? கர்ப்பிணிக்கு நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று நாம் சொன்னால் வயிற்றிலுள்ள ஒரு பிள்ளைக்காக என்று மட்டும் நினைக்கக்கூடாது. அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கு வேண்டிய வித்தும் அப்போது அதற்குள்ளேதான் இருக்கிறது.

சிலேட்டைத் துடைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. நம்முடைய டி.என்.ஏ.யில் ஏறத்தாழப் பாதி, இடம் விட்டு இடம் தாவக்கூடிய துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும். அவற்றில் பெரும்பாலானவை செத்த சரக்கு. சில மாத்திரம் இன்னமும் உயிரோடு, முத்திரைக்குக் கீழே கைதிகள் மாதிரி அடங்கிக் கிடக்கின்றன. முத்திரையை அழித்தால் அவை கிளம்பி, கண்ட இடத்தில் போய்ச் செருகிக்கொண்டு புத்தகத்தைக் கெடுத்துவிடும். இதற்குக் காவலாக, ஆண் வித்தணுக்களில் பிவி என்கிற புரதமும் அதோடு சேர்ந்த சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளும் வேலை செய்கின்றன, 2006ல் கண்டுபிடித்தார்கள். துண்டு ஒவ்வொன்றும் ஒரு கைதியின் அங்க அடையாளத்தை வைத்திருக்கும். ஆசாமியைக் கண்டதும் பிடித்து மறுபடி முத்திரை வைத்துவிடும். இந்த முத்திரை வேலைக்கு உதவுகிற ஒரு புரதம் இல்லாத ஆண் சுண்டெலிகளை நியூயார்க்கில் வளர்த்துப் பார்த்து 2004ல் எழுதினார்கள். அவை பிறந்தன, வளர்ந்தன. ஆனால் விரைக்குள் தாவும் துண்டுகள் கிளம்பிவிட்டன. வித்தணுக்கள் பாதி வழியிலேயே செத்தன. ஒரு குட்டிக்கும் வழியில்லை. அந்த எலியை வெளியிலிருந்து பார்க்கிற ஜோசியருக்கு என்ன தெரியும்?

பிறந்த பிறகு வித்தணுக்கள் சும்மா கிடந்து, வயது வந்ததும் வேலை ஆரம்பிக்கிறது. மனிதரில் ஒரு மூல அணு வித்தணுவாக ஆவதற்குச் சுமார் 74 நாள் ஆகும் என்று 1960களில் அளந்தார்கள். வெளியே வருகிற வரைக்கும் கணக்குப் பார்த்தால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுண்டெலிக்கு 35 நாள். தினமும் பல கோடி தயாராகிறது. ஒரு துளி விந்துக்கு நூறு துளி இரத்தம் செலவாகிறது என்று சொல்லி, லாட்ஜில் அறை எடுத்து வாலிபர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கிற வைத்தியர்களை நீங்கள் அறிவீர்கள். விந்தில் பெரும்பாகம், விந்துப் பையும் பிராஸ்டேட் கோளமும் சுரக்கிற நீர்தான். இரத்தத்திலிருந்து காய்ச்சி வடிப்பதற்கு அது சாராயமல்ல.

கடைசிக் கட்டத்தில் நடக்கிறது மூட்டை கட்டுகிற வேலை. வித்தணுவின் தலை ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நீளம். அதற்குள் ஒரு மீட்டர் நூலைத் திணிக்க வேண்டும். ஹிஸ்டோன் உருண்டைகளில் சுற்றிவைத்தால் கொள்ளாது. ஆகையால் அந்த உருண்டைகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, புரோட்டமின் என்கிற சிறிய புரதத்தை வைத்து, பஞ்சு பேலை இயந்திரத்தில் அழுத்துவதுபோல் அழுத்திக் கட்டுகிறது. இந்தப் புரோட்டமினைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து தேசத்து மீஷர் என்கிற வைத்தியர். 1869ல் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சீழ்த் துணிகளை வாங்கி அலசி, இன்று டி.என்.ஏ. என்று சொல்லுகிற பொருளை முதன்முதலில் பிரித்தவரும் அவரே. பிறகு பாசல் நகரத்தில் ரைன் நதியில் ஏறிவருகிற சால்மன் மீனின் விந்தை எடுத்துச் சோதித்து 1874ல் புரோட்டமினை வெளியிட்டார். சீழும் மீன் விந்தும்! ஆசாரம் பார்த்திருந்தால் இந்த இரண்டும் நமக்குத் தெரிந்திருக்காது.

மூட்டை சரியாகக் கட்டாவிட்டால் என்ன? புரோட்டமின் குறைந்தால் சுண்டெலியின் வித்து கெட்டுக் குட்டி உண்டாகாமல் போகலாம் என்று 2001ல் காட்டினார்கள். மனிதரிலும் இரண்டு வகைப் புரோட்டமினின் விகிதம் கெட்டவர்களிடம் மலட்டுத்தன்மை அதிகமாகக் காணப்படுகிறது. ஆண்மைக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆள் மல்யுத்தம் செய்வான். வித்து மூட்டை அவிழ்ந்து கிடக்கும்.

நிலமும் வித்தும் சேர்ந்த பிறகு

வித்து முட்டைக்குள் போனதும் என்ன நடக்கிறது? முதல் காரியமாகத் தகப்பன் கட்டிக்கொண்டு வந்த புரோட்டமின் மூட்டையை முட்டை அவிழ்த்து எறிகிறது. தன்னுடைய ஹிஸ்டோனைச் சுற்றுகிறது. சில மணி நேரத்துக்குள் தகப்பன் வைத்த மெத்தில் முத்திரைகளில் பெரும்பாலானவற்றை அழித்தும் விடுகிறது. இது இரண்டாவது துடைப்பு. ஆனால் சில இடத்து முத்திரைகளை மாத்திரம் தொடாமல் விடுகிறது. அவைதான் இது தகப்பன் பிரதி, இது தாய் பிரதி என்று அடையாளம் சொல்லுகிற முத்திரைகள். தாய் வைக்கிற அத்தகைய முத்திரை சுண்டெலியில் இருபதுக்கு மேல். தகப்பன் வைப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய மூன்று நான்கு. வித்தே உயர்ந்தது என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் குறித்துக்கொள்ளட்டும்.

எண்ணிக்கை எப்படியிருந்தாலும் இரண்டும் வேண்டும் என்பதுதான் சங்கதி. 1984ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் கூட்டாளிகளும், அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மக்ராத், சோல்ட்டர் என்ற இருவரும் தனித்தனியே ஒரே பரீட்சை செய்தார்கள். சுண்டெலி முட்டையில் தகப்பன் பாகத்தை எடுத்துவிட்டு இரண்டு தாய் பாகத்தை வைத்தார்கள். இன்னொன்றில் தாய் பாகத்தை எடுத்துவிட்டு இரண்டு தகப்பன் பாகத்தை வைத்தார்கள். புத்தகத்தில் ஒரு பக்கமும் குறையவில்லை. ஆனால் எதுவும் பிழைக்கவில்லை. தாய் பாகம் மட்டுமுள்ளதில் கரு ஒரு மாதிரி வளர்ந்தது, நஞ்சுக்கொடி வளரவில்லை. தகப்பன் பாகம் மட்டுமுள்ளதில் நஞ்சுக்கொடிப் பாகம் வளர்ந்தது, கரு தேறவில்லை. அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் முத்திரைகளையே கைவைத்துத் திருத்தி, 2004ல் ஜப்பானில் தகப்பனில்லாத ஒரு பெண் சுண்டெலியை வளர்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை. தடை எழுத்தில் அல்ல, முத்திரையில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட ருசு வேண்டியதில்லை.

எலிக் கதையை எங்களிடம் சொல்லுகிறீரே என்று கேட்பீர்கள். மனிதரிலும் இயற்கையே இந்தப் பரீட்சையைச் செய்து காட்டுகிறது. முத்துப்பிள்ளை என்று ஒன்று கேட்டிருப்பீர்கள். பெண் முழுகாமல் இருக்கிறாள், வயிறும் பெருக்கிறது. ஆனால் உள்ளே பிள்ளை இல்லை, திராட்சைக் குலை மாதிரி நீர்முத்துக்கள் நிறைந்திருக்கின்றன. பேய் பிசாசு என்றும், அவள் செய்த பாவம் என்றும் அந்தப் பெண்ணைப் படுத்தாத பாடில்லை. முழு முத்துப்பிள்ளையில் இருப்பது தகப்பன் பாகம் மட்டுமே என்று 1977ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார்கள். முட்டையில் தாய் பாகம் இல்லாமற் போய், ஒரே வித்து இரட்டித்தோ அல்லது சில சமயம் இரண்டு வித்துக்கள் நுழைந்தோ அது உண்டாகிறது. அதாவது வித்தே உயர்ந்தது என்கிற சாஸ்திரத்தை அப்படியே நடத்திக் காட்டினால் கிடைப்பது பிள்ளை அல்ல, நீர்முத்துக் குலை! இதற்காக இனி புருஷனைப் பழி சொல்ல ஆரம்பிக்க வேண்டாம். அவன் வேண்டுமென்று செய்ததல்ல, அவள் செய்ததுமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் அதை எடுத்துவிட்டு, டாக்டர் சொல்லுகிற வரையில் இரத்தப் பரீட்சை செய்துகொள்ள வேண்டும். சிலருக்கு அது புற்றாக மாறக்கூடும் ஆனபடியால் மந்திரித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சில பெண்களுக்குச் சூலகத்தில் ஒரு கட்டி வரும். அறுத்துப் பார்த்தால் உள்ளே தலைமயிரும் பல்லும் இருக்கும். இதற்கும் செய்வினை என்று கதை கட்டுவார்கள். ஆணோடு சேராமலே ஒரு முட்டை தானாக முளைக்கப் பார்த்து, தாய் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்த கட்டி அது. தகப்பன் முத்திரை இல்லாததால் பிள்ளையாக முடியவில்லை. ஆகவே கன்னியாயிருக்கிற பெண்ணுக்கும் அது வரும். அவள் நடத்தையைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

முன்னோர் பாவம் என்கிற புதுக்கடை

இந்த முத்திரைச் சாஸ்திரம் பிரபலமாகிறதைக் கண்டு, பழைய கடைக்காரர்கள் புதுப் பலகை மாட்ட வந்துவிட்டார்கள். பாட்டன் பாவம் பேரனைத் தொடரும் என்று நாங்கள் அன்றே சொன்னோம், இன்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார்கள். பரிகாரத்துக்குக் கட்டணமும் நிர்ணயித்திருக்கிறார்கள். இது சுத்தப் பொய். இரண்டு தடவை சிலேட்டைத் துடைக்கிறது என்று இப்போதுதான் பார்த்தோம். பாவத்துக்கு அதில் இடம் எங்கே? ஜெர்மனியில் வீஸ்மன் என்பவர் 1880களில் ஐந்து தலைமுறை சுண்டெலிகளின் வாலை வெட்டிக்கொண்டே வந்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றாவது வால் இல்லாமல் பிறக்கவில்லை. நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம். ஓட்டைக் காதோடு ஒரு குழந்தை பிறந்து, தட்டானுக்குக் கூலி மிச்சமானது உண்டா?

ஆனால் நமக்குச் சாதகமில்லை என்பதற்காக ஒரு உண்மையை மறைப்பதும் பகுத்தறிவாகாது. சுண்டெலியில் தகப்பன் தீனியை மாற்றினால் குட்டிகளின் உடம்பில் சர்க்கரையும் கொழுப்பும் கையாளப்படுகிற விதத்தில் வித்தியாசம் தெரிகிறது என்று சில பரீட்சைகள் காட்டுகின்றன. வித்தணு விரையிலிருந்து வெளியேறி, முதிர்ச்சி அடைகிற குழாயில் போகும்போது சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை ஏற்றிக்கொள்ளுகிறது என்றும், அவற்றின் வழியாக இந்தச் செய்தி போகக்கூடும் என்றும் 2016ல் இரண்டு கூட்டத்தார் எழுதினார்கள். இது எலியில், தீனி சம்பந்தமாக. மனிதரில் தலைமுறை தலைமுறையாக இப்படி வருகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. அப்படியே நாளைக்கு நிரூபித்தாலும், அதற்கு மருந்து நல்ல சாப்பாடாக இருக்குமே ஒழிய தர்ப்பணமாக இராது.

இனி காரியத்துக்கு வருவோம். வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவருக்குப் பிள்ளையின்மைக் கஷ்டம் வருகிறதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023ல் கணக்குக் கொடுத்தது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையும் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே இருக்கிறது. அப்படியிருந்தும் நம் ஊர்களில் அரசமரம் சுற்றுகிறவள் யார்? விரதம் இருந்து வயிறு காய்கிறவள் யார்? மலடி என்கிற வார்த்தைக்கு இருக்கிற புழக்கம் மலடன் என்கிற வார்த்தைக்கு உண்டா? பிள்ளைக்காக இரண்டாம் தாரம், மூன்றாம் தாரம் என்று கட்டினவர்கள் எல்லா ஜில்லாவிலும் இருந்திருக்கிறார்கள். நெல் விதைக்கிறவன் ஒரு பிடி விதையை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்றங்காலுக்குப் போகிறான். முளைக்கவில்லையென்றால் நிலத்தைத் திட்டுவதில்லை. பிள்ளை விஷயத்தில் மாத்திரம் நிலத்தை மூன்று தடவை மாற்றுகிறான்; விதையை ஒரு தடவையும் சோதிப்பதில்லை.

இந்தச் சோதனையில் அறுப்பு இல்லை, ஊசி இல்லை. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் சேர்க்கையில்லாமல் இருந்து, பரிசோதனைச் சாலையில் விந்தைக் கொடுத்தால் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றையும் பார்த்துச் சொல்லுவார்கள். பெண்ணுக்குச் செய்கிற சோதனைகளில் பல வலியுள்ளவை, செலவும் அதிகம். ஆகையால் பெண்ணின் வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே ஆணின் சோதனை முடிந்திருக்க வேண்டும். ஒரு தடவை குறைவென்று வந்தால் அதோடு தலையில் கை வைத்து உட்கார வேண்டியதில்லை. போன மாதம் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை விழும். பீடி சிகரெட்டை விட்டுவிட்டு, வெந்நீர்த் தொட்டியும் அதிக உஷ்ணத்தில் வேலையும் இருந்தால் அதைக் குறைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம். ஏன் மூன்று மாதம் என்றால் அந்த 74 நாள் கணக்குத்தான். இன்று பீடியை விட்டவனுடைய புது வித்து அப்போதுதான் வெளியே வரும். நாளைக்கே பலன் தெரியும் என்று எவனாவது மருந்து விற்றால் அவன் திருடன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். பெண்கள் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டால் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தனுப்பினால் படித்துப் பதில் சொல்லுகிறோம்.